அவர் போட்ட பென்சில் கோடு

வலது தோள்பட்டை இறுகிப்போய், தலை வாரக்கூடக் கை எழும்பாமல் நான் தவித்த நாட்கள் அவை. சாந்தோம் பக்கம் எங்கள் பங்குக் கோயிலில் பல வருடங்களாகக் கையசைத்துப் பாடகர் குழுவை நடத்துகிறவள் நான். கை தலைக்கு மேல் போகாவிட்டால் பின்வரிசைக்குத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு வேகத்தில் பாடிக்கொண்டு போவார்கள். பங்குத் திருவிழாவுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

தி.நகரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனேன். சின்ன வயது, ஆனால் கறார்.

"வீட்டுலயே செய்யுங்க மேடம். கை எவ்ளோ உயரம் போகுதுன்னு வாரா வாரம் போன்ல சொல்லுங்க. ஏறலைன்னா உடனே வரணும். ஊசி போடணுமான்னு டாக்டர்தான் பாத்து சொல்லுவார்."

என் கணவர் ரிட்டயரானவர். உருப்படியாக ஒரு வேலை கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டார். கதவுக்கு மேல் கயிறும் கப்பியும் மாட்டினார். தோளில் பட்டை ஒட்டி மின்சாரம் விடுகிற டென்ஸ் மெஷின் ஒன்று வாங்கிவந்து, "இன்னும் கொஞ்சம் கூட்டவா?" என்று தினமும் என் உயிரை வாங்கினார். கடைசியில் சுவர்ப் பயிற்சி. சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நின்று விரல்களை மெல்ல மெல்ல மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் அவர் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். வலியில் நான் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். கையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நேற்றைய கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே இன்றைய கோடு.

ஆறு வாரத்தில் கோடு என் தலையைத் தாண்டியது. அந்தப் பெண்ணிடம் போனில் பீற்றிக்கொண்டேன். "சூப்பர் மேடம், அப்படியே பண்ணுங்க" என்றாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம், "இந்த வருஷமும் நானே நடத்துறேன் ஃபாதர்" என்று சொல்லிவிட்டேன். தலை வாரும்போது மட்டும் கை பழையபடிதான் இருந்தது. அசதி என்று நினைத்துக்கொண்டேன். சுவரில்தான் கோடு இருக்கிறதே!

முதல் ஒத்திகையில் கீபோர்டு தொடங்கியது. கையைத் தூக்கினேன். தோளோடு நின்றுவிட்டது. முன்வரிசை ஒரு பக்கம் போனது, பின்வரிசை இன்னொரு பக்கம். பாட்டு பாதியில் நின்றது. கீபோர்டு வாசிக்கிற பெண் என் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சுவரருகே போய் நின்றேன். "கோடு போடுங்க."

பென்சிலோடு வந்தார். அன்று நான் கண்ணை மூடவில்லை. என் விரல்கள் தோள் உயரத்திலேயே நின்றுவிட்டன. அவருடைய பென்சில் என் தலைக்கு மேலே போய்க் காத்திருந்தது.

"என்னங்க இது?"

"முதல் வாரம் கை ஏறவே இல்ல, நீ அழுதே. அதான் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அப்புறம் இறக்க முடியல."

"நான் அழுதா அழுதுட்டுப் போறேன். ஃபாதர்கிட்ட நான் சொல்றப்போ பக்கத்துலதானே நின்னீங்க?"

பென்சிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போய், குழுவைக் கீபோர்டு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். பிறகு தி.நகர் பெண்ணைக் கூப்பிட்டு, "ஆறு வாரமா கை ஏறவே இல்லம்மா" என்றேன்.

"ஏறுது ஏறுதுன்னு சொன்னீங்களே மேடம்! யாரு அளந்தது?"

என் எதிரே அவர் பேப்பரை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நான்தான்" என்றேன்.