பனி விளையாட்டு பார்க்கப் பழகியது

பனியில் சறுக்கும் போட்டிகளை முதன்முதலாகப் பார்க்க உட்காருகிறவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். முதல் நாள் தனியாகப் பார்க்காதீர்கள். நான் தனியாகத்தான் பார்த்தேன்.

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாவு மில்லில் வேலை செய்கிறேன். மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், மிளகாய் அரைத்த மெஷினைத் துடைத்துவிட்டு, போனைக் கோதுமை மூட்டையின் மேல் சாய்த்து வைத்தேன். ஒரு பெண் காலில் இரண்டு நீளப் பட்டைகளை மாட்டிக்கொண்டு மலை உச்சியிலிருந்து இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிட, நின்றபடியே விழுந்துகொண்டிருந்தாள் என்று சொல்லலாம். பாதி வழியில் நிஜமாகவே விழுந்தாள். உருண்டு போய் ஓரத்து வலையில் சிக்கினாள். ஹெலிகாப்டர் வந்து, கயிற்றில் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு போனது.

அதைவிட என்னை உலுக்கியது அதற்குப் பிறகு நடந்ததுதான். வலையை இழுத்துக் கட்டினார்கள். பனியைச் சமமாக்கினார்கள். அடுத்த பெண் இறங்கினாள்.

எங்கள் ஊரில் அப்படி நடக்காது. சுரங்கம் ஓடிய காலத்தில் உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டால் அடுப்பில் வைத்தது அப்படியே கிடக்கும், ஜனம் முழுக்க ஷாஃப்ட் குழி வாசலில் நிற்கும். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆகியும், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். அன்றைக்கு நானும் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. முதலாளி பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா, யாரு பூட்டாங்க?"

"யாரோ ஒரு வெள்ளக்காரப் பொண்ணு சார். பனியில விழுந்துடுச்சு."

"ஒனக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

"இல்ல."

"அப்ப ராகியக் கொட்டு. தெரிஞ்ச பொம்பளைங்க நாலு பேரு வெளிய நின்னுக்கினு கீறாங்க."

இதையெல்லாம் நான் பார்க்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் மகள். நர்ஸ் படித்துவிட்டு, மொழியும் படித்துவிட்டு, ஜெர்மனியில் ஒரு மலை ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். எலும்பு முறிவு வார்டு. எனக்குப் பேச வராது. மில் வேலை எனக்குப் பிடித்ததே அதனால்தான்; மெஷின் ஓடும்போது யாரும் யாரோடும் பேச முடியாது. அவள் போன் செய்தால் "சாப்ட்டியா" என்பேன். "சாப்ட்டேன், நீ?" என்பாள். அதோடு இரண்டு பக்கமும் சும்மா இருக்கும். ஒரு நாள் அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல், "உன் வார்டுல இருக்கறவங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஆட்டத்துல விழுந்தவங்கப்பா" என்றாள். பிறகு அவள் பேசினாள், பேசினாள், அன்றைக்கு நான் மில்லுக்கே தாமதமாகப் போனேன்.

அப்படித்தான் ஒவ்வொரு ஆட்டத்தையும் அது உடைக்கும் எலும்பை வைத்து நான் தெரிந்துகொண்டேன். மலையிலிருந்து நேராக இறங்குவது முழங்காலுக்கு. கொடிக்கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குவதும் முழங்காலுக்குத்தான். ஒரே பலகையில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு போவது மணிக்கட்டுக்கு, ஏனென்றால் விழும்போது கையைத்தான் ஊன்றுவார்கள். மகள் சொன்னதை வைத்து நான் பார்ப்பேன், பார்த்ததை அவளிடம் கேட்பேன். எங்கள் இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது.

பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். குளிர்காலம் முழுவதும் வாரக் கடைசிகளில் ஏதாவது ஒரு மலை ஊரில் உலகக் கோப்பைப் போட்டி இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் கிடைக்கும் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டே போய், பனி கரையும் காலத்தில் கோப்பையைக் கொடுப்பார்கள். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ஒலிம்பிக். அதில் சேர்த்துவைத்தது எதுவும் செல்லாது. வருஷம் முழுக்க ஜெயித்தவன் அன்றைக்கு ஒரு வளைவில் தவறினால் போயிற்று. நம் நேரத்துக்குப் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், அதனால் வேலைக்குப் போகிறவர்களும் பார்க்கலாம்.

உயரமான மேடையிலிருந்து சறுக்கி வந்து பறப்பது ஒன்று உண்டு. மைதானத்தையே தாண்டுகிற தூரம் பறக்கிறார்கள். காற்று எதிரே அடித்தால் நல்லதாம், அது தூக்கிப் பிடிக்குமாம். அதை என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை. முதல் தடவை அந்த வெள்ளைச் சரிவைப் பார்த்தபோது தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த எங்கள் சயனைடு மேடுதான் ஞாபகம் வந்தது. அதன் மேலிருந்து ஒருவன் பேத்தமங்களா பக்கம் பார்த்துக் குதிப்பதை நினைத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

இன்னொன்றில், மூச்சு வாங்க வாங்கப் பனியில் ஓடி வந்து, துப்பாக்கியை எடுத்து, மூச்சை அடக்கிக் கறுப்புப் புள்ளிகளைச் சுட வேண்டும். தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் தண்டனையாக ஒரு சின்னச் சுற்று. என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் கல் தூசியோடு கடைசி வருஷங்களைக் கழித்தவர். ஒருவன் வேண்டுமென்றே மூச்சை அடக்கி நிற்பதைப் பார்த்தால் எனக்கு மூச்சு அடைக்கும்.

பாட்டுக்கு ஆடிக்கொண்டே ஐஸ் மேல் சறுக்குவது அழகுதான். ஆனால் ஆடி முடித்தவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, கேமராவை முகத்துக்கு நேரே வைத்து, ஊரறிய மார்க் சொல்கிறார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மார்க் சொல்லும் நேரத்தில் போனைக் கவிழ்த்துவிடுவேன்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஐஸ் கட்டிய வாய்க்காலில் வண்டியில் போவது. அதில் மூன்று வகை. மல்லாந்து படுத்துக் கால் முன்னால் போவது ஒன்று. குப்புறப் படுத்துத் தலை முன்னால் போவது ஒன்று. மூன்றாவதில் இரண்டு பேரோ நான்கு பேரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஒருவர் பின் ஒருவராகக் குதித்து, காலோடு கால் இடுக்கி உட்காருவார்கள். முன்னால் இருப்பவர் ஓட்டுவார், கடைசியில் இருப்பவர் பிரேக். வளைவில் வண்டி சுவரில் ஏறி, பக்கவாட்டில் சாய்ந்தபடி ஓடும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ஷாஃப்டில் கேஜ் என்கிற கூண்டு இறங்குவதைப் பற்றி அப்பா சொல்வார், வயிறு மேலேயே நின்றுவிடும், ஆள் மட்டும் கீழே போவான் என்று. இவர்கள் அதை ஆசைப்பட்டுச் செய்கிறார்கள்.

"இது எந்த எலும்பு?" என்று மகளிடம் கேட்டேன்.

"கழுத்துப்பா" என்றாள்.

என் மனைவி இதில் எதையும் பார்க்க மாட்டாள். அவள் வீட்டில் பிளவுஸ் தைக்கிறாள். அவளுடைய அப்பா சுரங்கத்துக்குள் பாறை வெடித்து இறந்தவர். அப்போது அவளுக்கு எட்டு வயது. யாராவது விழுவதைப் பார்க்க அவளைக் கூப்பிட எனக்கு மனம் வராது. ஒரே ஒரு நாள் தானாக வந்து எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது கல்லாட்டம். உருண்டையான ஒரு கருங்கல்லை ஐஸ் மேல் மெதுவாகத் தள்ளிவிடுவார்கள். தூரத்தில் ஒரு வட்டம். அதன் நடுவுக்குக் கிட்டே யார் கல் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல் போகும்போது இரண்டு பேர் அதன் முன்னால் ஓடி ஓடி, துடைப்பத்தால் ஐஸைத் தேய்ப்பார்கள்.

அவள் கையில் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கல்லு இன்னும் போய்ச் சேரல. அதுக்குள்ள இன்னாத்துக்குக் கூட்டறாங்க?"

"கூட்டினாத்தான் அது தூரம் போவுமாம்."

"கூட்டினா போய்ச் சேருமா?"

"சேருமாம்."

அவள் முகம் மாறியது. வீட்டிலிருந்து ஒருவர் கிளம்பினால் அவர் போய்ச் சேரும்வரை கூட்டக்கூடாது என்பது எங்கும் உள்ள வழக்கம். சுரங்க வீடுகளில் இன்னும் கண்டிப்பு. ஷிப்ட் முடிந்து ஆள் மேலே வரும்வரை துடைப்பத்தைத் தொடமாட்டார்கள். அவள் அதை இன்றுவரை விடவில்லை. மகள் விமானம் ஏறிய நாளில், ஜெர்மனியில் இறங்கித் தன் ரூமைப் போனில் காட்டும்வரை எங்கள் வீட்டில் துணித்துண்டும் நூலும் காலில் சுற்றின. மனைவியின் அப்பா இறந்த அன்றைக்கு வீட்டை யார் கூட்டினார்கள் என்று நான் கேட்டதில்லை.

"வெள்ளக்காரங்களுக்கு எல்லாம் தலகீழு" என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டாள். ஆனால் அடுத்த நாள், "அந்தக் கல்லு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

ஒரு நாள் மகள் மில் நேரத்திலேயே கூப்பிட்டாள். மெஷினை நிறுத்திவிட்டு வெளியே சுவரோரம் போய் நின்றேன்.

"யப்பா, சனிக்கெழம எனக்கு லீவு. அந்த நாலு பேரு வண்டியில போவப்போறேன்."

"எந்த வண்டி?"

"ஐஸ் வாய்க்கால்ல போவுமே, அதான்."

"அது ஆட்டக்காரங்க போறதாச்சே."

"போட்டி இல்லாத நாள்ல நம்மள மாதிரி ஆளுங்களையும் கூட்டிக்கினு போவாங்கப்பா. ஓட்டறவரு பழைய ஆட்டக்காரரு. பின்னாடி நாங்க மூணு நர்ஸுங்க. ஹெல்மெட் தருவாங்க."

"அந்த ஹெல்மெட் போட்டவங்கதான உன் வார்டுல படுத்துக்கினு கீறாங்க?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நீ வேணான்னு சொன்னா நான் போவல. சொல்லு" என்றாள்.

வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அவள் அந்த ஊருக்குத் தனியாகப் போகிறேன் என்று சொன்னபோதும் இதே சொல் இதே இடத்தில் நின்றது. "அப்பறம் சொல்றேன்" என்றேன்.

"அம்மாகிட்ட இதப் பேசிடாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பேசவில்லை. மகளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்து, சனிக்கிழமை வந்துவிட்டது. மதியத்துக்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு அம்மாவின் பச்சரிசியில் உளுந்தைக் கொட்டிவிட்டேன். முதலாளி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து வீட்டுக்குப் போகச் சொன்னார். வழியெல்லாம், மனைவி முகத்தைப் பார்த்து எப்படிப் பொய் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் முருங்கை இலை உதிர்ந்து கிடந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று துணித்துண்டுகள், நூல், ஊக்கு அட்டை. அவள் அதன் நடுவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா, கூட்டலியா?"

"கூட்டல."

"ஏன்?"

மெஷினை நிறுத்தாமலே, "தெரியாத மாதிரி கேக்கறீங்களே" என்றாள்.

துணிக் குவியல் மேலேயே உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்பத்துலேந்து தெரியும்?"

"உங்களுக்கு முன்னாடியே. என்னைத்தான் மொதல்ல கேட்டா. போயிட்டு வா, அப்பாகிட்ட மட்டும் சொல்லாத, மனுசன் தூங்க மாட்டாருன்னேன். நீங்க இந்த வாரம் பூரா பொரண்டு பொரண்டு படுத்தீங்களே, அப்பவே தெரிஞ்சிது, சொல்லிட்டான்னு. வாய் நிக்காது அவளுக்கு. அதுல உங்க ஜாடை கொஞ்சம்கூட இல்ல."

"உனக்கு பயமா இல்ல?"

"இல்லாமதான் வீடு இப்பிடி கீதா?"

"பின்ன ஏன் போன்னு சொன்ன?"

ஊசியிலிருந்து துணியை எடுத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"எங்கப்பா சம்பளத்துக்குப் போனாரு. அவர வேணான்னு யாராலயும் சொல்ல முடியல. இவ ஆசப்பட்டுப் போறா. எப்பிடி வேணான்னு சொல்றது?"

போனில் மகளின் செய்தி வந்தது. அங்கே பனி கொட்டுகிறது, நிறுத்திவைத்திருக்கிறார்கள், காத்திருக்கிறோம் என்று. அப்படியென்றால் இன்னும் நேரம் இருந்தது. ஒரு சொல் போதும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தேன்.

"சொல்லணும்னா சொல்லுங்க. என்னக் கேக்காதீங்க" என்றாள்.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. விளக்கு வைத்துவிட்டால் பிறகு கூட்டக்கூடாது. அதனால் அவள் விளக்கும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, உங்கூட்ல கரெண்ட் இல்லியா?"

"கீது" என்றாள் என் மனைவி. அந்தப் பெண் எங்களை இருட்டில் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் போனில் பேச்சைப் பதிவுசெய்யும் பொத்தானை அழுத்தினேன். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வண்டிகளைப் பார்த்தவன் நான். வளைவில் யார் தலை ஆடியது, யார் தலை ஆடவில்லை என்பதெல்லாம் என் கண்ணில் இருந்தது. "வண்டி கெளம்பறதுக்கு முன்னாடியே தோள காதோட ஒட்டிக்கோ" என்றேன். "வளைவுல தலயத் தூக்காத. முன்னாடி இருக்கறவங்க முதுகையே பாரு. அவ்ளோதான்." அனுப்பிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். இருட்டில் மனைவி ஊக்குகளைத் தடவித் தடவி அட்டையில் குத்திக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தபோது இரண்டு பேரும் எடுக்கவில்லை. யார் எடுப்பது என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு அவள்தான் எடுத்தாள். திரையில் மகளின் முகம் சிவந்து, தலைமுடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதும்மா. தல எங்க கீது கால் எங்க கீதுன்னே தெரியல. அம்மா அம்மான்னு கத்தினேன்."

"நான் இங்கதான கீறேன். கழுத்து?"

"நல்லா கீது. அப்பா சொன்ன மாதிரியே தோளத் தூக்கி வச்சிக்கினேன். பின்னாடி இருந்தவளுக்குத்தான் புடிச்சிக்கிச்சு."

"மறுபடியும் போவியா?" என்று நான் கேட்டேன்.

"தெரியலப்பா" என்றாள். அவள் குரலைக் கேட்டால் போவாள் என்றுதான் தோன்றியது.

மனைவி போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பத்தை எடுத்து, குனிந்து, விறுவிறுவென்று மூலையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். மகள் திரையில் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். துணித்துண்டுகள் என் காலருகில் வந்து குவிந்தன.

"காலத் தூக்குங்க" என்றாள்.

தூக்கிக்கொண்டேன்.