ஸ்டேட்டஸில் வைத்த புத்தகம்

நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. அதற்குள் மாப்பிள்ளை எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பது என் பிடிவாதம். பெண் பார்க்க வந்தபோது கேசரியைத் தவிர வேறெதையும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் விசாரித்ததோ இரண்டே விஷயம்: சொந்த ஜீப்பா, குடிப்பாரா. காலையில் கம்பத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய், வேலை முடியும்வரை காத்திருந்து, சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவது அவர் தொழில். நான் மார்க்கையன்கோட்டையில் டீச்சர். பிடித்த படம், பாட்டு, புத்தகம் மூன்றும் தெரிந்தால் ஒரு மனுஷனை எடை போட்டுவிடலாம் என்று நம்பியவள்.

தினமும் ஏழு மணிக்குப் போன் வரும். நான் கேட்பேன், அவர் சொல்வார். சொன்ன படமெல்லாம் எனக்கும் பிடித்த படம். பாட்டும் அப்படியே. புத்தகம்கூட அப்படியே! முதல் வாரம் பூரித்துப் போனேன். மூன்றாவது வாரம்தான் உறைத்தது, நான் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்ததை வைத்த வரிசையிலேயே ஒப்பிக்கிறார் என்று. எரிச்சல் மண்டைக்கு ஏறியது. இத்தனை நாளும் நான் என்னோடேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் வேண்டுமென்றே, தியேட்டரில் பாதியிலேயே எழுந்து வந்த ஒரு படத்தின் போஸ்டரை வைத்தேன். ஏழு மணிக்கு அவரே ஆரம்பித்தார்.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச படம் ஒண்ணு சொல்லட்டுமா டீச்சர்?"

"சொல்லவே வேணாம். அந்தப் படம் எனக்கு ஆகவே ஆகாது. உங்களுக்குன்னு ஒண்ணுமே கிடையாதா? இப்படித் தலையாட்டுற ஆளோட எப்படிக் குடும்பம் நடத்துறது? கல்யாணத்த நிறுத்திரலாமான்னு இருக்கு."



"இதுக்கு முன்னால ஒரு எடத்துல பொண்ணு பார்த்தோம்," என்றார். "என்ன புத்தகம் படிப்பீகன்னு கேட்டாக. படிக்கிறதில்லன்னேன். வேணாம்னு சொல்லிவிட்டாக. அதான் பயந்துட்டேன்."

"பாட்டு? அதுவுமா இல்ல?"

"ஜீப்புல பாட்டு ஏறி வர்ற பொம்பளைக சொல்றதுதான். ஆளுக்கு ஒண்ணு கேப்பாக. அவுகள எறக்கிவிட்டுட்டு வீட்டுக்கு வரும்போது நான் ஒண்ணும் போடமாட்டேன். சும்மா வர்றதுதான் எனக்குப் பிடிக்கும்."

அவர் சொந்தமாகச் சொன்ன முதல் பிடித்தம் அது. கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுதாக இறங்குவதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆனா அந்தத் தடிப் புத்தகம் வச்சிருந்தீகள்ல, பிடிக்கும்னு பொய் சொன்னது மனசுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. தேனிக்குப் போயி வாங்கி, தோட்டத்துல காத்துக் கெடக்குறப்ப எல்லாம் படிச்சு முடிச்சுட்டேன். நெசமாச் சொல்றேன், பிடிக்கல. அந்த அண்ணங்காரன் கடைசியில தம்பிய அப்படியே விட்டுட்டு ஏன் போறான்? எனக்கு வெளங்கவே இல்ல. நீங்க சொல்லுங்க டீச்சர்."

அந்தப் புத்தகம் என் மேஜையில்தான் இருந்தது. நாற்பதாம் பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அட்டை அழகாக இருந்ததென்று ஸ்டேட்டஸ் வைத்தவள் நான். அத்தனை கத்து கத்திவிட்டு இப்போது வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. அவர்மேல் வந்த எரிச்சலெல்லாம் என்மேலேயே திரும்பியது.

"டீச்சர், இருக்கீகளா?"

"நான் இன்னும் அந்த இடத்துக்கு வரல," என்றேன்.