சீரகம் தேய்த்தால் கை கறுக்குமா?

மளிகைக்கடையில் பருப்பு வாங்குகிறவர்கள் விலையைத்தான் கேட்பார்கள். சீரகம் வாங்குகிறவர்கள் நம் யோக்கியதையையே சோதிப்பார்கள். லீவு விட்டதும் கடையில் உட்காரவைக்கப்படும் சக அப்பாவிகளே, பிளஸ் டூ லீவில் திருத்தங்கலில் எங்கள் அம்மாவின் கடையில் நான் பட்டதைக் கேளுங்கள்.

கடித்துப் பார்த்தவர்

கல்யாணச் சமையல்காரர் ஒருவர் சீரகம் கேட்டார். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டும் நான், ஒரு கை சோம்பை நீட்டி, அம்மா குரலிலேயே, "முதல் தரம் அண்ணாச்சி, கண்ணை மூடிட்டு வாங்குங்க!" என்றேன். அவர் நிஜமாகவே கண்ணை மூடி ஒன்றைக் கடித்தார்.

"சீரகம்னா மெலிசா வளைஞ்சு இருக்கும், நுனியில முடி நிக்கும், கடிச்சா லேசாக் கசக்கும். இது குண்டா இருக்கு, இனிக்குது. என்னைய என்ன மாப்பிள்ளைன்னு நெனச்சியா பாப்பா, காட்டுனதை நம்பிக் கட்டிக்கிட்டுப் போக?"

கறுத்த கை

அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரு வீடியோ. புல் விதையில் கரியைப் பூசிச் சீரகம் என்று விற்கிறார்களாம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கை கறுக்குமாம். சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய செல்வியக்கா எங்கள் சீரகத்தைத் தேய்த்தார். கை கறுப்பு! கூட வந்த நாலு பேரும் தேய்த்தார்கள். நாலு பேர் கையும் கறுப்பு! "போலிச் சீரகம்டி!" என்று எடுத்த சாமானையெல்லாம் திரும்ப வைத்துவிட்டார்கள்.

கடை திறந்து நாலு மாசம்தான் ஆகிறது. இந்தப் பெண்கள் வராவிட்டால் பூட்ட வேண்டியதுதான். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சோம்புக் கதையை அறிந்தவள், என் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, இதுவும் உன் வேலைதானா?"

சோப்புப் போட்ட கை

என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒன்றுமே செய்யவில்லை. அதை யார் குரலில் சொன்னால் அம்மா நம்புவாள் என்று தேடிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, பக்கத்துத் தெரு நர்ஸக்கா வந்தார். அதே டப்பாவிலிருந்து எடுத்துத் தேய்த்தார். கை சுத்தம், வாசனை கும்மென்று. பிறகு செல்வியக்காவின் கையைத் திருப்பிப் பார்த்து, "கம்பெனியில வெடிமருந்து கலக்குறீகளாக்கா? தண்ணிக்குப் போகாத கரி, தேய்க்கத் தேய்க்க வெளிய வருது. சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தேச்சுப் பாருங்க" என்றார்.

மூன்று தடவை சோப்புப் போட்டார் செல்வியக்கா. வாளித் தண்ணீர் மை மாதிரி ஆனது. பிறகு தேய்த்தால் கையில் துளிக் கறுப்பு இல்லை. "போலிச் சீரகம்டி!" என்று அவர் குரலிலேயே கத்த வாயைத் திறந்தேன். அவர் வாளியையே வெறித்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

"வெறுந்தண்ணியில அலசிட்டு, இந்தக் கையிலயா இம்புட்டு நாளும் எம்பிள்ளைக்குச் சோறு ஊட்டுனேன்?"

அன்று எங்கள் கடையில் சீரகம் நூறு கிராம்தான் போனது, சோப்புதான் ஒன்றுகூட மிஞ்சவில்லை.