எழும்பாமல் இருக்கப் போன பயணம்

எண்பத்தொன்பதாம் ஆண்டு, ஒரு நவம்பர் காலை. எட்டே காலுக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினோம். வெளியே பனிமூட்டம், வீட்டுக் கூரைகள் தண்ணீரில் மிதப்பதுபோல் வந்து வந்து மறைந்தன.

என்னோடு பக்கத்து வீட்டுச் சிவலிங்கம் அண்ணை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்காக எகிப்தில் லொறி ஓட்டியவர். அங்கே லொறி கவிழ்ந்து முழங்கால் நொறுங்கியது. அதற்குக் கேட்ட பென்ஷனை மறுத்துவிட்டார்கள், இன்றைக்கு அப்பீல். வென்றால் பஸ் காசுக்கு மருமகனிடம் கை நீட்ட வேண்டாம்.

மறுத்த காரணத்தைக் கேளுங்கள். சோதித்த டாக்டர் அறைக்குள் வந்த போதெல்லாம் அண்ணை மரியாதைக்கு எழும்பி நின்றிருக்கிறார். 'கதிரையிலிருந்து சிரமமின்றி எழுகிறார்' என்று டாக்டர் எழுதிவிட்டார். எங்கள் ஊர் அரசாங்கக் கந்தோரில் அதிகாரிக்கு எழும்பாவிட்டால் அலுவல் நடவாது. இங்கே எழும்பியதால் நடக்கவில்லை.

"இண்டைக்கு எழும்பப்படாது, அண்ணை. நோகுதெண்டு வாய் திறந்து சொல்லோணும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

"இந்த ஊரிலை அழுதால் தேத்தண்ணிதான் தருவாங்கள்."

பௌ ரோட் ஸ்டேஷனுக்கு முன் ரயில் நிலத்துக்குள் இறங்கியது. இருட்டுக் கண்ணாடியில் அண்ணையின் முகம் சுரங்கச் சுவரோடு ஓடிவந்தது. "எகிப்து மணலுக்கை ஓடுற மாதிரி இருக்கு, தம்பி" என்று கண்ணை மூடினார்.

டெம்பிள் ஸ்டேஷனில் இறங்கிக் கால் மைல் நடந்தோம். அரை மணி நேரம் பிடித்தது.

விசாரணை அறைக் கதவு திறந்தது. விசாரணைக் குழு உள்ளே வந்தது: இரண்டு ஆண்கள், ஒரு பெண். அண்ணை கதிரைக் கைகளை இறுக்கிப் பிடித்தார். நான் அவர் கோட்டைப் பிடித்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், எழும்பிவிட்டார்.

கதிரையில் இருக்கச் சொன்னார் குழுத் தலைவர். அண்ணைக்கு இருக்க ஏலவில்லை. கால் மடங்காமல் மரம்போல் நின்றது, நெற்றி வியர்த்தது. அந்தப் பெண்தான் குழுவின் டாக்டர். மேசையைச் சுற்றி வந்து, தோளைத் தாங்கி மெல்ல இருத்தினார்.

"இவ்வளவு கஷ்டத்தில் ஏன் எழுந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நீங்கள் வந்தீர்களே, மடம்" என்றார் அண்ணை, தானும் ஆங்கிலத்தில்.

மூவரும் அவர் முழங்காலைப் பார்த்தார்கள். மதியத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்: அப்பீல் ஏற்கப்பட்டது.

ஸ்டேஷனுக்குத் திரும்பாமல் தேம்ஸ் கரைக்குப் போனோம். அக்கரை தெரியவில்லை. ஒரு படகு சத்தமின்றிப் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. அண்ணை கரைச்சுவரில் சாய்ந்து அதையே பார்த்திருந்தார்.

"நோகுதோ, அண்ணை?"

திரும்பிப் பார்த்தார். சுற்றிலும் ஒருவரும் இல்லை.

"ஓம், தம்பி. நல்லா நோகுது. கொஞ்சம் நிண்டிட்டுப் போவம்."