ஏலக்காய் மெஷினுக்கு மூன்று கொட்டேஷன்

2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். போடிநாயக்கனூரில் தூறல். குடை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் சளி என்கிற அளவுத் தூறல். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நுழைந்தவன், என்னையறியாமல் சுவரில் நம்பர் சீட்டு மெஷினைத் தேடினேன். ஐஸ்லாந்தில் ரொட்டிக்கடை, மருந்துக்கடை எங்கே போனாலும் வாசலில் ஒரு டப்பா நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். சீட்டைக் கிழித்துக்கொண்டு ஓரமாக நின்றால் போதும், நம்மை யாரும் முந்த முடியாது. ஆறு வருடப் பழக்கம். "என்ன பெரியவரே, சுவத்துல எதைத் தொலைச்சீங்க?" என்றார் டீ மாஸ்டர். "நம்பர்..." என்று இழுத்தேன். "டீ பத்து, காப்பி பதினஞ்சு. அம்புட்டுத்தான் நம்ம கடை நம்பரு. வெரசா சொல்லுங்க." எனக்குப் பின்னால் வந்த ஐந்து பேர் குடித்துவிட்டுப் போனபிறகு ஆறாவதாக எனக்கு டீ கிடைத்தது.

நான் முப்பத்தொரு வருடம் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவன். இந்த வட்டாரத்தின் கிணறு, ஆடு, மாடு, தென்னை எல்லாவற்றையும் எண்ணி எழுதி மேலே அனுப்பிய கை இது. மனைவி இறந்த மறுவருடம், அறுபத்தாறு வயதில், மகள் சுமதி என்னை ஐஸ்லாந்துக்கு அழைத்துக்கொண்டாள். மருமகன் அங்கே மீன் பதப்படுத்தும் ஆலையில் என்ஜினியர். நாட்டின் மொத்த ஜனத்தொகை நான்கு லட்சத்தைத் தொடவில்லை. நம் தேனி மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான். முயன்றால் நான் ஒருவனே எண்ணி முடித்துவிடலாம் போலத் தோன்றும். இந்தத் தடவை நான் ஊருக்கு வந்தது சொந்தபந்தம் பார்க்க அல்ல. ஒரு மெஷின் வாங்க. அதற்கும் முன்னால், அந்த மெஷினுக்கு மூன்று கொட்டேஷன் வாங்க.

ஐஸ்லாந்துக்காரர்கள் ஏலக்காய் தின்பவர்கள் என்று சொன்னால் போடியிலேயே யாரும் நம்புவதில்லை. க்ளெய்னா என்று முறுக்கிப் பொரித்த ஒரு பண்டம் அங்கே உண்டு. ஏலம் போடாத க்ளெய்னா அவர்களுக்குத் தொண்டையில் இறங்காது. ஆனால் போடுவதெல்லாம் மணம் செத்த டப்பாப் பொடி. அதை ஒருநாள் முகர்ந்து பார்த்த சுமதி, போடியிலிருந்து காய் வரவழைத்து, வீட்டுக் கராஜில் தோல் உரித்து, உள்ளிருக்கும் விதையை அன்றன்றைக்கு அரைத்து ரொட்டிக்கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். தோல் உரிப்பது என் சோலி. ஒரு கிலோவுக்கு 4,612 காய். ஒரே ஒரு முறை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை, மனம் விட்டுப்போகும் என்பதால். இரண்டு கட்டைவிரல் நகங்களும் தேய்ந்து பிளந்துவிட்டன. பதினொரு கடைகள் வாங்கிக்கொண்டிருந்தன. ஆகஸ்டில் ஒரு கடை, நாங்கள் நேரத்துக்குக் கொடுப்பதில்லை என்று பெரிய இறக்குமதியாளரிடம் திரும்பிப் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்குத்தான் அங்கே விற்பனை. "இந்தக் கிறிஸ்துமஸுக்கும் தடுமாறினா கராஜைப் பூட்டிட்டு ஓட்டல்ல துணி துவைக்கப் போயிருவேம்ப்பா" என்றாள் சுமதி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த ஓட்டலின் விண்ணப்பத் தாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

அந்த நாட்டு அரசாங்கத்தில் சின்னத் தொழில்களுக்கு உதவுவதற்கென்றே ஒரு அலுவலகம் உண்டு. மெஷின் விலையிலும் கொண்டுவரும் செலவிலும் பாதியை அவர்களே கொடுப்பார்கள். அங்கிருந்து ஹெல்கா என்ற அதிகாரி வீட்டுக்கு வந்தார். நான் பழக்கதோஷத்தில் "மேடம்" என்றேன். மூன்றாவது தடவை மேடம் என்றபோது, எனக்கு மறதி போலும் என்று நினைத்து, தன் பெயர் ஹெல்கா என்று மறுபடியும் அறிமுகம் செய்துகொண்டார். அங்கே மந்திரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு வாய் வருவதில்லை. ஹெல்கா எங்கள் பொடியை முகர்ந்தார், என் நகங்களைப் பார்த்தார், பிறகு "சாம்கெப்னிஸ்ஹைப்னி" என்றார். அவர்கள் எழுத்தில் பதினைந்து எழுத்துச் சொல். போட்டித்திறன் என்று பொருள். "சின்ன நாடு இது. இங்கே பல பொருள்களுக்கு ஒரே ஒரு வியாபாரிதான். அவர் வைத்ததுதான் விலை. உங்கள் மகளைப் போல இன்னொருவர் பக்கத்தில் நின்றால்தான் நாடு மூச்சுவிடும்" என்று பொறுமையாக விளக்கினார். பதினான்கு பக்க விண்ணப்பம் கொடுத்தார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று விற்பனையாளர்களிடம் விலை கேட்டு எழுதி வாங்க வேண்டும். உலகத்தில் எங்கிருந்தும் வாங்கலாம். கடைசித் தேதி அக்டோபர் 25. நான் பக்கங்களை இரண்டு தடவை எண்ணிவிட்டு டிக்கெட் போட்டேன்.

டீ குடித்த கையோடு சௌந்தரபாண்டியின் பட்டறைக்குப் போனேன். ஏலக்காய்த் தோல் நீக்கும் மெஷின் செய்பவன். ஐம்பது வயது. என்னை மாமா என்பான். எந்த வழியில் மாமா என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். "மூணு கொட்டேஷன்தான மாமா? உக்காருங்க. டீ ஆறதுக்குள்ள வந்துரும்" என்று மேசை இழுப்பறையைத் திறந்தான். மூன்று லெட்டர்பேடு, மூன்று ரப்பர் ஸ்டாம்பு. ஒன்று அவனுடையது. ஒன்று குரங்கணியில் ஜீப்பு ஓட்டும் அவன் மச்சினன் பேரில். மூன்றாவது, எப்போதோ மூடிப்போன ஒரு பட்டறையின் பேரில். "நம்மது கம்மி, மத்த ரெண்டும் கூட. இந்த லேத்தே மானியத்துல வாங்குனதுதான். அதுக்கும் மூணு கொட்டேஷன் இப்படித்தான். இல்லாட்டி எவன் மாமா மூணு எடத்துக்கு அலையுறது?"

எனக்குக் கூசியிருக்க வேண்டும். கூசவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு மின்விசிறி வாங்கியபோதும், பீரோ வாங்கியபோதும், மூன்று தாள்களைக் குண்டூசியில் கோத்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். மூன்றையும் ஒரே கை எழுதியிருக்கும். சில சமயம் மை கூட ஒன்றுதான். தாள் மூன்று இருக்கிறதா என்று மட்டும் எண்ணுவேன். அன்றும் எண்ணினேன். மூன்று. படம் எடுத்து சுமதிக்கு அனுப்பினேன். அவள் நல்ல பிள்ளை, அப்படியே ஹெல்காவுக்கு அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமையே பதில் வந்தது. மிக்க மகிழ்ச்சி, திங்கட்கிழமை மூன்று விற்பனையாளர்களோடும் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் வீடியோவில் பேச வேண்டும், வரிப்பணம் அல்லவா, தவறாக நினைக்க வேண்டாம். எனக்கு அன்றிரவு ரத்த அழுத்தம் 168. பாண்டியிடம் ஓடினேன். "பேசட்டும் மாமா. எம்மச்சினனுக்குத்தான் இங்கிலீசு தெரியாதுல்ல, சிரிச்சுக்கிட்டே இருப்பான்." மூன்றாவது பட்டறைக்காரர்? "அவரு செத்து நாலு வருசமாச்சு. சொல்லலையா நான்?" சொல்லவில்லை.

சனிக்கிழமை முழுவதும் உண்மையான இரண்டு கொட்டேஷனுக்காக அலைந்தேன். சிலமலையில் மெஷின்களை வாங்கி விற்று, பழுதும் பார்க்கும் ஒரு பட்டறை இருந்தது. உரிமையாளர் உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்; விலை மட்டும் கொடுக்க மறுத்துவிட்டார். "பாண்டி அண்ணன் கஸ்டமருக்கு நான் எப்படிங்க வெலை சொல்றது? நாளைக்கு ஒரு பேரிங்கு வேணும்னா அவர்கிட்டதான போய் நிக்கணும். வேணும்னா அவரு போட்டதுக்கு மேல ரெண்டாயிரம் கூட்டி எழுதித் தர்றேன்." அவர் உதவி செய்வதாகத்தான் நினைத்தார். மத்தியானம் ஜீப்பில் போடிமெட்டுக்கு ஏறினேன். பதினேழு கொண்டை ஊசி வளைவு. இந்தத் தடவையும் எண்ணினேன், குறையவில்லை. மழை நனைத்த ஏலத்தோட்டங்களின் வாசனை ஜீப்புக்குள் வந்தது. எனக்கு எங்கள் கராஜ்தான் ஞாபகம் வந்தது. மேலே, தோட்டம் ஒன்றின் அருகே, மெஷின் விற்பவர் ஒருவர் மலையாளம் கலந்த தமிழில் வரவேற்றார். பச்சைப் பெயிண்ட் அடித்த மெஷினைத் தட்டிக் காட்டினார். அச்சாக அதே மெஷின். "நீங்களே செய்வதா?" என்றேன். "ஏய், இது நம்ம பாண்டிச் சேட்டன் சாதனமாக்கும். பெயிண்ட் மட்டும் நான் மாத்தும்."

இறங்கும்போது நினைத்துக்கொண்டேன். அந்தத் தீவில் எல்லாவற்றுக்கும் ஒரு கடைதான். ஆனாலும் மூன்று வேண்டும் என்று அரசாங்கம் பணம் கொடுத்துப் பிரார்த்திக்கிறது. இங்கே ஒரு தெருவுக்குப் பத்துப் பட்டறை. ஆனாலும் ஒருவன் கஸ்டமரை இன்னொருவன் தொடமாட்டான், தொட்டால் மறுநாள் பேரிங்கு கிடைக்காது. எது போட்டி, எது திறன் என்று எனக்கு விளங்கவில்லை. வெளிநாட்டில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது யோசித்துச் சொல்லுங்கள்.

திங்கள், அக்டோபர் 21. மத்தியானம் இரண்டரை, அங்கே காலை ஒன்பது. பாண்டியின் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டுப் போனை ஒரு பெயிண்ட் டப்பாவில் சாய்த்து வைத்தோம். குரங்கணி மச்சினன் இஸ்திரி போட்ட சட்டையில், சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றான். இறந்துபோனவருக்காகப் பாண்டி தன் பக்கத்து வீட்டுக்காரரை வரச் சொல்லியிருந்தான். நான் நாடியைப் பிடித்து எண்ணினேன். அறுபது விநாடிக்கு நூற்றுப் பன்னிரண்டு.

முதலில் பாண்டி. மொழிபெயர்ப்பு நான். மோட்டார் எத்தனை குதிரைத் திறன், சல்லடை எதனால் ஆனது, விதை உடையாமல் தோல் எப்படிப் பிரிகிறது என்று ஹெல்கா கேட்கக் கேட்க, பாண்டி மெஷினைத் திறந்து, கையை உள்ளே விட்டு, மணமேடை மாப்பிள்ளை போல மலர்ந்துபோனான். கடைசியாக அவர் கேட்டார்: "மற்ற இருவருடைய மெஷினைவிட உங்களுடையதில் என்ன சிறப்பு?"

நான் தமிழில் சொன்னேன். பாண்டிக்கு மூக்கு விடைத்தது.

"மத்த ரெண்டு பேரா? யாரு மாமா அது? இந்தச் சல்லடையை வெட்டிப் பழக எனக்கு ஏழு வருசமாச்சு. இந்த மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்த மெஷினைச் செய்யுறவன் நான் ஒருத்தந்தான். சொல்லுங்க அந்தம்மாகிட்ட!"

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தான். கதவுக்கு வெளியே மச்சினனின் சிரிப்பு நின்றுபோனது. ஹெல்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. "பித்தளைச் சல்லடை, அதுதான் சிறப்பு" என்று நான் சொல்லியிருக்கலாம். சுமதியின் கிறிஸ்துமஸ் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மூன்று விநாடி. பாண்டி ஏழு வருடம் என்று சொன்னபோது அவன் குரலில் இருந்த பெருமை எனக்குத் தெரியும். அதை வெட்டி எறிய எனக்கு மனம் வரவில்லை. அவன் சொன்னதை அப்படியே, ஒரு சொல் குறையாமல், இங்கிலீஷில் சொன்னேன்.

"அப்படியானால் மற்ற இருவர்?"

"ஒருவர் இவருடைய மச்சினர். இன்னொருவர் இறந்துவிட்டார்."

"யாயா" என்றார் ஹெல்கா. ஐஸ்லாந்தில் சந்தோஷத்துக்கும், துக்கத்துக்கும், எழுந்து போவதற்கும் அந்த ஒரு சொல்தான். பிறகு கோபமில்லாமல் கேட்டார்: "பதினோராம் பக்கத்தில் கட்டம் இருக்கிறதே. ஒரே ஒரு விற்பனையாளர்தான் என்றால் காரணம் எழுதுங்கள் என்று. ஏன் அதை நிரப்பவில்லை?"

பதினான்கு பக்கத்தையும் எண்ணியவன் பதினோராம் பக்கத்தைப் படிக்கவில்லை. ஒரு அரசாங்கத் தாளில் உண்மைக்கென்று கட்டம் போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பொய்த்தாள் உள்ளே வந்துவிட்டதால் இந்தச் சுற்றில் விண்ணப்பத்தை ஏற்க முடியாது, அடுத்த சுற்று பிப்ரவரியில் என்றார். பிப்ரவரியில் யாருக்குக் க்ளெய்னா வேண்டும்?

சுமதிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "மூணும் ஒருத்தர் எழுதுனதுன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். பிறகு, "சரி விடுங்கப்பா. ஓட்டல்ல அடுத்த திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

போடியில் ஒரு வங்கியில் எனக்கு வைப்புத்தொகை ஒன்று இருந்தது. ஐஸ்லாந்துக்குக் கிளம்பிய வாரம் போட்டது. குளிர் ஒத்துக்கொள்ளாவிட்டால், மகளோடு மனத்தாங்கல் வந்துவிட்டால், காரணம் ஒன்றும் இல்லாமலே திரும்பிவிடத் தோன்றினால், ஒரு டிக்கெட்டும் ஊரில் கொஞ்ச காலத்து வாடகையும் அதில் அடங்கும். ஆறு வருடமாகப் புதுப்பித்து வந்தேன், சுமதிக்குக்கூடத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை அதை முறித்தேன். "காரணம் என்னன்னு போடட்டும் சார்?" என்று கேட்டது கவுண்டரில் இருந்த பெண். "தொழில்" என்றேன். நிமிர்ந்து என் நரையைப் பார்த்தது. "இந்த வயசுலயா சார்?" என்று சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாண்டி மெஷினைப் பெட்டியில் அடைக்கும்போது முகம் கொடுக்கவில்லை. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம கெடுத்துட்டேன் மாமா" என்றான். ஒரு சல்லடை சேர்த்து வைத்தான், காசு வாங்கவில்லை. மெஷின் கொச்சியிலிருந்து விமானத்தில் ஏறியது, பின்னாலேயே நானும் ஐஸ்லாந்துக்குத் திரும்பினேன். நவம்பர் இரண்டாம் வாரம் கராஜில் ஓட ஆரம்பித்தது. என் கட்டைவிரல்களில் நகம் வளர்ந்திருக்கிறது. பத்துக் கடைகளும் இருக்கின்றன. போன கடை போனதுதான். சுமதி துணி துவைக்கப் போகவில்லை. ஏற்கனவே வாங்கிவிட்ட மெஷினுக்கு உதவி கிடையாது என்பது பன்னிரண்டாம் பக்கம். இந்தத் தடவை படித்துவிட்டேன்.

போன வாரம் சுமதி ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். "எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆச்சுப்பா? எழுதிக் குடுங்க. மாசாமாசம் திருப்பித் தர்றேன்." ரூபாயிலா, இந்த நாட்டுக் குரோனாவிலா, எந்தப் பணத்தில் எழுதட்டும் என்று கேட்டேன். "உங்களுக்கு எதுல வேணுமோ அதுல" என்றாள். வாழ்நாள் முழுவதும் எண்ணியவன் ஒரு மணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். மெஷினும் பெட்டியும் விமானமும் ஊரில் கொடுத்தது. சுங்கத்தில் கட்டிய வரி இங்கே கொடுத்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இரண்டு நிமிட வேலை. கை வரவில்லை. இரண்டு வரியாகவே எழுதிக் கொடுத்தேன், கீழே கூட்டல் கோடு போடாமல்: ரூபாய் 2,23,690. குரோனா 87,580.