கைதட்டலில் போன பதில்

அண்ணியின் வெட்டுமேசையில் துணி நகராமல் இருக்க நான்கு கண்ணாடிக் கேடயங்கள் கிடக்கும். நான்கிலும் ‘மனித உரிமையின் குரல்’ என்று பொறித்திருக்கும். பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் கலந்துரையாடலில் கொடுத்தவை. “நல்ல கனம். அந்த ஆளுங்க நமக்குச் செஞ்ச ஒரே உபகாரம்” என்பாள்.

அண்ணி ஆஸ்பத்திரிகளுக்குத் திரைச்சீலை தைப்பவள். என் அண்ணன் லாரி ஓட்டியவன். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் அவனை மட்டும் இறக்கி, “விசாரிச்சுட்டு அனுப்புறோம்” என்றார்கள். அதோடு கிணற்றில் போட்ட கல். உயிரோடு இருக்கிறானா இல்லையா, அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள அண்ணி ஏறாத படி இல்லை. அந்தப் படிகளில் ஒன்றுதான் பல்கலைக்கழகம்.

கலந்துரையாடலை நடத்தும் பேராசிரியருக்கு நான் வைத்த பெயர் தராசு. வாயைத் திறந்தால் “ரெண்டு பக்கமும் கேக்கணும்” என்பார். போன வருஷங்களில் எதிர்ப்பக்க நாற்காலி காலியாகவே இருந்தது. இந்த முறை, அந்தச் சாவடிகளுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியே வருகிறார் என்றார். அண்ணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கலந்துரையாடல் அன்று காலையில் ஒத்திகை என்று கூப்பிட்டார்கள். தராசு சிரித்த முகத்தோடு சொன்னார்: “போன தடவை உங்க வீட்டுக்காரரோட செருப்பு லாரியிலயே கெடந்ததுன்னு சொன்னீங்களே, அங்க தொண்டை அடைச்சுதே, அதே இடத்துல கொஞ்சம் நிறுத்துங்கம்மா. சபையே உறைஞ்சு போச்சு.”

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இந்த மனுஷன் எரிவதற்கே நேரம் குறித்துக் கொடுத்தார்.

“போயிடலாம் அண்ணி” என்றேன்.

“சும்மா இருடி. எனக்கு அந்த ஆள் வேணும்.”

அரங்கம் நிறைந்திருந்தது. அதிகாரி நரைத்த தலையோடு, யாரோ ஒருவர் வீட்டுப் பெரியப்பா மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணி செருப்புக் கதையைச் சொல்லவே இல்லை. மைக் முன் நின்று, அவர் பக்கம் திரும்பி, லாரி எண்ணையும் அண்ணன் பெயரையும் சொன்னாள்.

“என் வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க ஐயா.”

அதிகாரி தலை குனிந்தார். பிறகு தனக்கு முன்னால் இருந்த மைக்கைக் கிட்டே இழுத்தார். “அந்த லாரி…” என்று தொடங்கினார்.

அதற்குள் முன்வரிசையில் யாரோ எழுந்து கைதட்டினார்கள். அடுத்த வரிசை எழுந்தது. சபை முழுக்க எழுந்து நின்று தட்டியது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினேன். நானும் உற்சாகத்தில் கத்துவதாக நினைத்துப் பக்கத்திலிருந்தவர் இன்னும் பலமாகத் தட்டினார். அதிகாரியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஓசை அடங்கியபோது அவர் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள் அண்ணி.

தராசு கடிகாரத்தைப் பார்த்தார். “இப்படிப்பட்ட துணிச்சலான கேள்விகளுக்குத்தான் இந்த மேடை. அடுத்த பேச்சாளர்…” என்று ஐந்தாவது கேடயத்தை அவள் கையில் திணித்தார். நாங்கள் மேடைக்குப் பின்புறம் ஓடிப்போய்ப் பார்த்தபோது அதிகாரியின் கார் போய்விட்டிருந்தது.

வாசலில் ஒரு மாணவி ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நீங்க கேட்டப்போ எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு.”

அண்ணி அவள் கையை விடவில்லை. “நீ முன்னாடிதானே உக்காந்திருந்தே? அவர் என்ன சொன்னாரும்மா?”

“யாரு, அக்கா?” என்றாள் அந்தப் பெண்.