புன்னை எண்ணெய்க்காரியின் கணவன்

பிரெஞ்சுக்காரன் ஆட்சியில், எங்கள் ஊர்களுக்கான கொம்யூன் சபைத் தேர்தலில் நான் இரண்டு முறை நின்றேன். முதல் முறை வாக்குப்பெட்டி எண்ணும் இடத்துக்கு வந்து சேரவில்லை. அதனால் ஜெயித்தேனா தோற்றேனா என்று தெரியாது. இரண்டாம் முறை பெட்டி வந்து சேர்ந்தது. தெரிந்துவிட்டது.

பாகூரிலிருந்து கடலைப் பார்த்துப் போகும் சாலையில் எங்கள் வீடு. எனக்குக் கொஞ்சம் நிலமும் கொஞ்சம் பிரெஞ்சும் இருந்தன. இரண்டையும் வைத்துக்கொண்டு பெரிய மனிதனாகிவிடலாம் என்று நினைத்திருந்தேன். என் மனைவி அப்படி எதையும் நினைக்கவில்லை. அவள் புன்னைக்கொட்டை வாங்கினாள்.

தோப்புகளில் சும்மா உதிர்ந்து கிடக்கும் கொட்டை அது. பொறுக்கி வரும் பெண்களுக்கு நெல் அளந்தாள். ஓடாமல் கிடந்த செக்கு ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்து எண்ணெய் ஆட்டினாள். நல்லவாட்டு மீன்காரர்கள் படகுக்குப் பூச வாங்கிப் போனார்கள். அதன் வாடை துணியை விட்டுப் போகாது. நான் அரசியல் பேசப் போகும் வீடுகளில், நான் வாசலுக்கு வருமுன்பே வருவது யாரென்று தெரிந்துகொண்டார்கள்.

உலகச் சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. சுற்றுவட்டாரமெல்லாம் விளக்குக்குப் புன்னை எண்ணெய் கேட்டு வந்தது. புகையும், ஆனால் எரியும். இன்னொரு செக்கு வந்தது. என் உழவு மாடுகளும் செக்கு சுற்றப் போயின.

ஒரு மத்தியானம், கொட்டை கொண்டுவந்த பெண் ஒருத்திக்குச் செக்குக் கொட்டகையிலேயே இடுப்புவலி கண்டது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கட்டினோம். மாடு பூட்டி முடிப்பதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. தாய் பிழைக்கவில்லை. பண்டிகைக்குக்கூட நிற்காத செக்கை என் மனைவி அன்று நிறுத்தச் சொன்னாள். பிள்ளையைத் தாயின் அக்கா வந்து வாங்கிப் போகும்வரை மடியிலேயே வைத்திருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த மாதமே கொட்டகையில் பாதியைத் தடுத்துச் சுண்ணாம்பு அடித்துக் கட்டில் போட்டாள். படித்த மருத்துவச்சி ஒருத்தியைப் பட்டணத்திலிருந்து சம்பளம் பேசி அழைத்துவந்தாள். பிரசவத்துக்கு வருபவர்களிடம் எதுவும் வாங்குவதில்லை.

"இது இன்னா வியாபாரம்?" என்று கேட்டேன்.

"இது வியாபாரம் இல்ல" என்றாள்.

சண்டை முடிந்ததும் பெண்களுக்கும் ஓட்டு வந்தது. கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். காப்பி குடித்தார்கள், என் உடம்பை விசாரித்தார்கள், பிறகு அம்மா இருக்கிறார்களா என்று கேட்டார்கள்.

அவள் ஜெயித்தாள். கொட்டை பொறுக்கும் பெண்களும் மீன்காரப் பெண்களும் வாக்குப்பெட்டியின் கூடவே எண்ணும் இடம்வரை நடந்துபோனார்கள். பெட்டி எங்கும் தங்கவில்லை.

சபையில் அவள் கேட்ட முதல் காரியம், மருத்துவச்சியின் சம்பளத்தைக் கொம்யூன் ஏற்க வேண்டும் என்பது. எங்கள் பக்கத்தில் ஓர் ஊர் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த ஊர் இங்கிலீஷ்காரனுடையது. இங்கிலீஷ் எல்லைப் பெண்களும் அந்தக் கொட்டகைக்குப் பிள்ளைபெற வருகிறார்களே, அதற்கு நம் பணமா என்று ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார். கொம்யூன் தலைவரான மேர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாததால் மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன்.

"வவுத்துல இருக்கற புள்ளகிட்ட எந்த ராஜ்ஜியம்னு கேட்டுச் சொல்லுங்க. அது சொல்லிட்டா நான் கதவ சாத்திடறேன்" என்றாள்.

நான் பிரெஞ்சு வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே சபை சிரித்துவிட்டது. எல்லோரும் தமிழர்கள். மேர் சிரிக்கவில்லை. விஷயத்தைத் தள்ளிவைத்தார்.

மேருடைய மகள் இங்கிலீஷ் எல்லையில் வாழ்க்கைப்பட்டவள். மழைக்காலத்தில், பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று அவளை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவச்சி பாடுபட்டு இரண்டு உயிரையும் காப்பாற்றினாள். மேர் வந்து பேத்தியைப் பார்த்தார். என் மனைவி சபையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சுக்குக் கஷாயம் எப்படிக் கொடுப்பது என்று மட்டும் சொன்னாள். அடுத்த கூட்டத்தில் சம்பளம் விவாதமில்லாமல் நிறைவேறியது.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. எல்லைச் சுங்கச் சாவடியில் இருந்த பிரெஞ்சுத் துரைக்குத் தமிழ் தெரியாது. பிரசவ வண்டிகளையும் நிறுத்தி வைக்கோலைக் கம்பியால் குத்திப் பார்ப்பான். நான் போய், உள்ளே ஒரு பெண் வலியோடு இருக்கிறாள் என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை நன்றாகவே சொல்வேன். போகப் போக என்னைக் கண்டாலே தடுப்பு மரத்தைத் தூக்கிவிடுவான். ஒருநாள் வண்டியில் வெறும் தேங்காய்தான் இருந்தது. அதற்கும் தூக்கினான். அவனைத் திருத்தும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வரவில்லை.